லேசர் ஆராய்ச்சிக்குப் போகும் பாதை: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இயற்பியல் பிடித்திருக்கிறது. மருத்துவம் வேண்டாம், இன்ஜினீயரிங் வேண்டாம், லேசர் ஆராய்ச்சிக்குப் போகப்போகிறேன் என்கிறது. எத்தனை வருஷம் ஆகும், யார் செலவு செய்வது, கடைசியில் வேலை கிடைக்குமா என்று உங்களுக்குக் கவலை. இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் உண்டு. கேரள-தமிழ்நாடு எல்லையோரத்தில் இருப்பதால் உங்களுக்கு மட்டும் வரும் சில சிக்கல்களும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், லேசர் என்றால் என்ன? சாதாரண பல்பின் வெளிச்சம் பல நிறம் கலந்தது, எல்லாத் திசையிலும் சிதறுவது. லேசரில் வருவது கிட்டத்தட்ட ஒரே நிறம், ஒரே திசை, அலைகளும் ஒரே சீர். ஆற்றல் ஏற்றப்பட்ட ஓர் அணுவின் மேல் பொருத்தமான ஒளித்துகள் பட்டால், அந்த அணு அதே மாதிரியான இன்னொரு ஒளித்துகளை வெளியிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரு பக்கமும் கண்ணாடி வைத்து இந்த ஒளியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பெருக்கினால் லேசர் கிடைக்கும்.

அதில் இன்னும் ஆராய என்ன இருக்கிறது? நிறைய. நீரிழிவால் பழுதான விழித்திரைக்குச் சிகிச்சை தருவது லேசர். உலோகத் தகட்டை வெட்டுவதும், கடலடி இழைகளில் இணையத்தைச் சுமப்பதும் அதுதான். 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 தரையிறங்கு கலத்தில் உயரத்தை அளக்க லேசர் கருவி இருந்தது. வேகத்தை அளக்க வேறொரு லேசர் கருவி, கலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர லேசர் கைரோ (திரும்பும் அசைவை ஒளியால் அளக்கும் கருவி). ராக்கெட்டுகளுக்கும் விண்கலங்களுக்கும் இத்தகைய திசையறி கருவிகளை உருவாக்கும் இஸ்ரோவின் பிரிவு திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்தான்.

ஆய்வாளர் அன்றாடம் என்னதான் செய்வார்? ஓர் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்ப்போம். ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க ஏசி. வெப்பம் கொஞ்சம் மாறினாலும் லேசர் கற்றை நகர்ந்துவிடும் என்பதால்தான் அந்த ஏசி. நடுவில் கனமான இரும்பு மேசை, அதன் மேல்பரப்பு முழுக்க வரிசை வரிசையாகத் திருகு துளைகள். துளைகளில் நிறுத்திய கம்பங்களின் மேல் சிறு சிறு கண்ணாடிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு திருகுகள்: ஒன்று கற்றையை இடவலமாக நகர்த்தும், மற்றது மேலும் கீழுமாக. மாணவி கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து உள்ளே வருகிறார். கற்றை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அது பட்டால் ஒளிரும் ஓர் அட்டையைக் குறுக்கே பிடித்து, பொட்டு எங்கே விழுகிறது என்று பார்க்கிறார். திருகை மயிரிழை அளவு திருப்புகிறார். மறுபடி அட்டை, மறுபடி திருகு. காலையில் தொடங்கினால் கற்றை சரியான பாதைக்கு வர மதியம் தாண்டிவிடும். அளவீடே அதற்குப் பிறகுதான். இந்தப் பொறுமை உங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கண்ணுக்கு ஆபத்தில்லையா? உண்டு, மறைத்துப் பயனில்லை. ஆய்வகத்தில் பரவலாகப் பயன்படும் ஒருவகை லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு). அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் புகுந்து விழித்திரையில் குவியும். வலி தெரியாமலே காயம் ஆகிவிடலாம். கடிகாரத்தைக் கழற்றச் சொல்வதும் இதனால்தான், பளபளப்பான எதிலும் கற்றை பட்டுத் தெறிக்கும். அந்தந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியைக் கட்டாயமாக்கும் ஆய்வகத்தில் பயப்படத் தேவையில்லை. ஆய்வகம் பார்க்கப் போகும்போது கண்ணாடிகள் எங்கே மாட்டியிருக்கின்றன என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி பாதை. பிளஸ் ஒன் சேரும்போதே ஒரு முடிவு இருக்கிறது, பலர் அங்கேயே தவறுகிறார்கள். இயற்பியலோடு கணிதமும் இருக்கும் பிரிவையே எடுக்க வேண்டும். கேரளப் பாடத்திட்டத்தில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவுகள் உண்டு. தமிழ்நாட்டிலும் கணிதத்துக்குப் பதிலாகத் தாவரவியல், விலங்கியல் கொண்ட பிரிவு உண்டு. கணிதம் விட்டுப்போனால் பி.எஸ்சி. இயற்பியலின் கதவே பெரும்பாலும் மூடிவிடும்.

பட்டப்படிப்பு எங்கே? கேரளப் பக்கம் தனுவச்சபுரம் வி.டி.எம். என்.எஸ்.எஸ். கல்லூரி இருக்கிறது, திருவனந்தபுரம் நகரத்தில் பல்கலைக்கழகக் கல்லூரி இருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரி, நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, எஸ்.டி. இந்துக் கல்லூரி. வீட்டிலிருந்தே போய்வரலாம். இவற்றில் படித்துவிட்டு பெரிய ஆய்வகத்துக்குப் போக முடியுமா என்றால், முடியும். பி.எஸ்சி. எங்கே என்பதை எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு கேட்பதில்லை.

நேரடியாகவே ஆய்வு நிறுவனத்தில் சேர வழியில்லையா? இருக்கிறது. விதுரையில் 2008-ல் தொடங்கிய ஐசர் (அறிவியல் கல்வி, ஆய்வுக்கான மத்திய அரசு நிறுவனம்) பிளஸ் டூ முடித்தவர்களை ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பில் சேர்க்கிறது. நுழைவுத்தேர்வின் பெயர் ஐ.ஏ.டி. கொச்சியில் குசாட் பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஒளியியல் பள்ளி (இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் ஃபோட்டானிக்ஸ்) லேசருக்கென்றே அமைந்த துறை. பிளஸ் டூவிலிருந்தே ஐந்தாண்டு எம்.எஸ்சி. ஃபோட்டானிக்ஸ் (ஒளியை உண்டாக்கி, கட்டுப்படுத்தி, பயன்படுத்தும் அறிவியல்) அங்கே படிக்கலாம். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் ஒளிமின்னணுவியல் துறை இருக்கிறது. லேசர் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இத்தனை இடங்கள் இவ்வளவு பக்கத்தில் அமைவது நாட்டில் பல ஊர்களுக்குக் கிடைக்காத வசதி. நம் ஊரில் பலருக்கு இது தெரியவே தெரியாது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

தமிழில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் தடையாகாதா? ஆகும், ஆனால் தாண்டக்கூடிய தடை. நுழைவுத்தேர்வுகளும் ஆய்வுக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில்தான். கவிதை எழுதும் ஆங்கிலம் இங்கே வேண்டாம், பாடநூல் ஆங்கிலம் போதும். பி.எஸ்சி. முதலாண்டிலிருந்தே தினமும் பாடநூலில் ஒரு பக்கத்தைப் படித்து, புரிந்ததை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி எட்டாத ஒன்றல்ல.

அடுத்தது எம்.எஸ்சி. ஐ.ஐ.டி.களிலும் இன்னும் பல நிறுவனங்களிலும் சேர ஜாம் என்ற தேர்வு எழுத வேண்டும். லேசர் என்றால் மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், நிறமாலையியல் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஆராய்வது) மூன்றும் ஆழமாக வேண்டும். கேரளத்தில் 2024-ல் நான்காண்டு பட்டப்படிப்பு வந்துவிட்டது. நான்காம் ஆண்டும் முடித்து 75 சதவீத மதிப்பெண் இருந்தால் எம்.எஸ்சி. இல்லாமலே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்க யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2022 விதிகள் இடம் தருகின்றன. ஆனாலும் எம்.எஸ்சி.யைத் தாவ வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே பிடிபடாத மின்காந்தவியல் பிறகு ஆய்வகத்தில் தானாக வந்துவிடாது.

பி.டெக். படித்துவிட்டால் வழி அடைத்துவிடுமா? இல்லை. இதற்கு குமார் படேலைப் பாருங்கள். 1938-ல் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். புனே பொறியியல் கல்லூரியில் 1958-ல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1961-ல் முனைவரானார். அதே ஆண்டு பெல் ஆய்வகத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே, 1964 வாக்கில், கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். தகடும் துணியும் மரமும் வெட்டும் எந்திரங்களில் இன்றும் ஓடுவது அந்த வகை லேசர். பிறகு ஆய்வக நிர்வாகம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஆய்வுக்கான துணைவேந்தர் பதவி, 2000-ல் சொந்த நிறுவனம் என்று அவர் வாழ்க்கை போனது. தொடக்கம் பொறியியல்தான். நம் நாட்டிலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஐசர் போன்றவை பொறியியல் பட்டதாரிகளை இயற்பியல் பி.எச்டி.க்கு எடுக்கின்றன. நுழைவுத்தேர்வும் நேர்காணலும் தேற வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது பணம். எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டப்படிப்பில் அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. பிளஸ் டூவில் அந்தந்த வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். மதிப்பு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 மாணவர் கைக்கு, 20,000 கோடைகால ஆய்வுப் பயிற்சிக்கு. கேரளத்தில் இ-கிராண்ட்ஸ் வழியாக வரும் கட்டண உதவிகள் வேறு.

தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்களே, அது நமக்கு வருமா? புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலும் படித்தவர்களுக்கானவை. பாறசாலையில் பள்ளி படித்துவிட்டு மார்த்தாண்டத்தில் கல்லூரி சேர்ந்த பிள்ளைக்கு அது வராது. வரும் என்று கணக்குப் போட்டு ஏமாற வேண்டாம்.

பி.எச்டி.க்கு வந்ததும் கணக்கே மாறிவிடும். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளருக்கான மாத உதவித்தொகை) பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழிந்து மதிப்பீட்டில் தேறினால் 42,000. விடுதி இடம் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படியும் உண்டு. அதாவது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் உங்கள் பிள்ளை சம்பாதிக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. உறவில் யாராவது இன்னும் படித்துக்கொண்டேதான் இருக்கிறதா என்று கேட்டால், சம்பளத்தோடு படிக்கிறது என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

இதில் ஒரு நெருக்கடியும் இருக்கிறது. இந்த உதவித்தொகை மொத்தம் ஐந்து ஆண்டுக்குத்தான். யு.ஜி.சி. விதிப்படி பி.எச்டி. குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். லேசர் பரிசோதனைகள் பலவும் ஐந்தாண்டைத் தாண்டும். ஒரு பாகம் பழுதானால் அது வெளிநாட்டிலிருந்து வரும்வரை மாதக்கணக்கில் அறை சும்மா கிடக்கும். அந்தக் கடைசி ஆண்டுக்குக் கையில் கொஞ்சம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். சேரும்போதே கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) கேட்க வேண்டிய கேள்வியும் இருக்கிறது: உங்களிடம் இதற்கு முன் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், கடைசி ஆண்டில் அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நல்ல கைடு இதற்குக் கோபப்பட மாட்டார்.

பேர் பெற்ற நிறுவனமா, நல்ல கைடா என்று வந்தால் எதைப் பார்ப்பது? கைடை. லேசர் ஆய்வு தனியாகச் செய்யும் வேலையல்ல. மூத்த மாணவர் பக்கத்தில் நின்று திருகைத் திருப்பக் கற்றுத் தருவார். அவர் சொல்லித் தராதது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. ஆகவே சேரும் முன் அங்கே படிக்கும் இரண்டு மாணவர்களிடமாவது, கைடு இல்லாத இடத்தில், தனியாகப் பேசிப் பாருங்கள்.

இனி சான்றிதழ் விஷயம். இதில் சறுக்கியவர்கள் எல்லையோரத்தில் ஏராளம்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. பீருமேட்டில் 1918-ல் பிறந்த அன்னா மாணி திருவிதாங்கூரிலிருந்து சென்னை போய் மாநிலக் கல்லூரியில் இயற்பியல், வேதியியல் ஆனர்ஸ் படித்தார். 1940-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கக் கல்லும் ஒளியை எப்படி ஏற்று எப்படி வெளியிடுகின்றன என்று ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945-ல் ஆய்வேட்டையும் கொடுத்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டது. வேலையில் ஒரு குறையும் இல்லை, குறை காகிதத்தில் இருந்தது. அவர் அதோடு நின்றுவிடவில்லை. வானிலைக் கருவிகளைக் கற்க லண்டன் போனார், 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார், அதன் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-ல் ஓய்வு பெற்றார். 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரச் செய்தது மாணிக்கப் படிகத்தில்தான். அந்தக் கல்லின் ஒளியைப் பதினைந்து ஆண்டு முன்பே படித்தவருக்கு ஒரு பட்டம் கிடைக்கவில்லை.

இன்று அப்படி நடக்குமா? அதே வடிவில் நடக்காது. ஆனால் ஒரு மாநிலப் பட்டத்தோடு இன்னொரு மாநிலத்தில் சேரும்போது தகுதிச் சான்று, சமநிலைச் சான்று (இந்தப் பட்டம் எங்கள் பட்டத்துக்கு நிகரானது என்ற கடிதம்), இடப்பெயர்வுச் சான்று கேட்பார்கள். கேரளத்தில் நான்காண்டுப் பட்டமும், தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டமும் ஓடும் இந்தக் காலத்தில் இது இன்னும் முக்கியம். கேரளத்தில் நான்காண்டு முடித்து, ஓராண்டு எம்.எஸ்சி.யோடு தமிழ்நாட்டுக்குப் போகிறீர்களா? அந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது ஐந்து வருஷம் கழித்து உதவாது.

இடஒதுக்கீட்டுச் சான்றிலும் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாட்டோடு) சேர்ந்தன, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குடும்பங்கள் இரு பக்கமும் இருக்கின்றன, ஆனால் சாதிப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அத்தை வீடு களியக்காவிளையில் இருக்கிறது என்பதால் அவர்கள் பிள்ளைக்குக் கிடைத்த பிரிவு உங்கள் பிள்ளைக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஐசர், ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்கள் ஓ.பி.சி.க்கு மத்தியப் பட்டியலைத்தான் பார்க்கும். உங்கள் மாநிலத்துக்கான பகுதியில் பெயர் இருக்க வேண்டும், வருமான வரம்புக்குக் கீழே என்ற சான்று புதிதாக இருக்க வேண்டும். பாறசாலைக்காரர் அக்ஷயா மையத்தில் விண்ணப்பித்து வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் வழியாக வாங்குவார். களியக்காவிளைக்காரருக்கு இ-சேவை மையம். விண்ணப்பிக்கும் முன் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் படிவத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலப் படிவத்தில் வாங்கியதை மத்திய நிறுவனம் ஏற்காமல் திருப்பும்.

செட் தேர்வு விஷயத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் செட் என்பது கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கான மாநிலத் தகுதித் தேர்வு. கேரளத்தில் எல்.பி.எஸ். மையம் நடத்தும் செட் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கானது. பெயர் ஒன்று, பயன் வேறு. கேரள செட் தேறியதை வைத்துக் கல்லூரி வேலைக்கு விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள். நெட் தேறியிருந்தால் இந்தக் குழப்பமே வராது, அது இரு மாநிலத்திலும் செல்லும். எனவே நேரமும் உழைப்பும் நெட்டுக்கே போகட்டும்.

பி.எச்டி. முடிந்ததும் வேலையா? உடனே அல்ல. பெரும்பாலோர் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி) இரண்டு முதல் நான்கு ஆண்டு செய்கிறார்கள். சம்பளம் உண்டு, நிரந்தரம் இல்லை. பலர் வெளிநாடு போவது இந்தக் கட்டத்தில்தான். குடும்பத்துக்கு மிகவும் கடினமான காலமும் இதுதான். கல்யாணம், வீட்டுக் கடன், வயதான பெற்றோர் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

டோனா ஸ்டிரிக்லாண்ட் என்ற கனடாக்காரரின் பாதை இதைச் சரியாகக் காட்டும். மிகக் குறுகிய லேசர் துடிப்பை முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு மறுபடி சுருக்கும் முறையை 1985-ல், ஆய்வு மாணவியாக இருந்தபோதே, தன் கைடு ஜெரார் மூருவோடு வெளியிட்டார். 1989-ல் முனைவர் பட்டம். அதன் பிறகு கனடாவில் ஓர் அரசு ஆய்வகம், அமெரிக்காவில் ஓர் ஆய்வகம், பிரின்ஸ்டனில் தொழில்நுட்பப் பணி என்று மாறி மாறி வேலை பார்த்து, 1997-ல்தான் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 2018-ல் அந்த 1985 வேலைக்கே நோபல் பரிசு வந்தபோது அவர் இணைப் பேராசிரியர். முழுப் பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பித்திருக்கவே இல்லை. உலகை மாற்றிய வேலை செய்தவருக்கும் ஊன்றி உட்கார ஓர் இடம் கிடைக்க எட்டு ஆண்டு ஆனது. உங்கள் பிள்ளைக்கு மூன்று ஆண்டு தாமதமானால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள்.

நிரந்தர வேலை எங்கே, எவ்வளவு? கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் யு.ஜி.சி.யின் ஏழாவது ஊதியக் குழு அளவில் 57,700 ரூபாய், படிகள் தனி. ஐ.ஐ.டி., ஐசர் போன்ற இடங்களில் முதல்நிலை உதவிப் பேராசிரியருக்கு 1,01,500 ரூபாயில் தொடங்கும், ஆனால் அங்கே பி.எச்டி.யும் அதற்குப் பின் மூன்றாண்டு அனுபவமும் எதிர்பார்ப்பார்கள். யு.ஜி.சி. அளவில் முனைவர் பட்டத்தோடு சேர்ந்தவர் பேராசிரியர் ஆகக் குறைந்தது 15 ஆண்டு ஆகும். அரசுக் கல்லூரி நியமனம் கேரளத்தில் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாக, தமிழ்நாட்டில் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாக. உதவி பெறும் கல்லூரிகளில் சம்பளம் அரசு தருவது, தேர்வு நிர்வாகத்தின் கையில். இரு அரசுப் பணிகளிலும் அந்தந்த மாநில மொழி அறிவைப் பார்ப்பார்கள். இரண்டும் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுதவும் வாசிக்கவும் பழக்குங்கள்.

பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால்? லேசர் படித்தவருக்கு வேறு கதவுகள் உண்டு. இந்தூரில் 1984-ல் தொடங்கிய ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையம் லேசரையும் துகள் முடுக்கியையும் முதன்மைப் பணியாகக் கொண்டது. பெங்களூரில் இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகம் சந்திரயான்-1-க்கு நிலவின் மேடு பள்ளங்களை லேசரால் அளக்கும் கருவியைச் செய்துகொடுத்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் ஈர்ப்பு அலைகளை (அண்டத்தில் பெரும் பொருள்கள் மோதும்போது வெளியே பரவும் நுண்ணிய அதிர்வை) லேசரால் அளக்கும் லைகோ-இந்தியா ஆய்வுக்கூடத்துக்கு மத்திய அமைச்சரவை 2023-ல் ஒப்புதல் தந்தது, மதிப்பு சுமார் 2,600 கோடி ரூபாய். அதற்கு ஒளியியல் தெரிந்த கைகள் வேண்டும். இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளை பி.எச்டி. முடித்து வரும்போது அங்கே ஆள் தேவைப்படும் காலமாக இருக்கலாம்.

பெரிய ஆய்வு செய்ய வெளிநாடுதான் போக வேண்டுமா? மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. ரவீந்திர குமார் மிக வலிமையான லேசர் துடிப்புகளைத் திடப்பொருளின் மேல் பாய்ச்சி, அங்கே உண்டாகும் சூடான பிளாஸ்மாவில் (எலெக்ட்ரான்கள் பிரிந்து ஓடும் வாயு நிலையில்) பிரம்மாண்டமான காந்தப்புலங்கள் எப்படிக் கொந்தளிக்கின்றன என்று அளந்து காட்டினார். விண்மீன்களில் நடப்பதை ஒத்த நிலைமை, மும்பையில் ஒரு மேசையின் மேல். அதற்காக 2015-ல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார். இங்கேயே செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பெண் பிள்ளை என்றால் இத்தனை ஆண்டு சாத்தியமா? இதைக் கேட்காத வீடு இல்லை. யு.ஜி.சி. விதிகள் பெண் ஆய்வாளருக்குப் பிரசவ விடுப்பும் குழந்தை வளர்ப்பு விடுப்புமாக 240 நாள் வரை தருகின்றன. முடிக்க இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. சட்டம் இடம் விட்டிருக்கிறது, வீடும் விட வேண்டும். பாதி பி.எச்டி.யில் இருக்கும் பெண்ணை, மாப்பிள்ளை வேறு ஊர் என்பதால் படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆய்வகத்தில் விட்டுப்போன மூன்று ஆண்டை வேறோர் ஊரில் அப்படியே தொடர முடியாது, பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, முடிக்கும்வரை பொறுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை, உதவித்தொகை இல்லை, ஆனால் இடம் தருகிறோம் என்று யாராவது அழைத்தால் போக வேண்டாம். ஐந்தாறு ஆண்டு வருமானமில்லாமல் லேசர் பரிசோதனை செய்வது நடுத்தரக் குடும்பத்தை முறித்துவிடும், பெரும்பாலும் ஆய்வும் பாதியில் நின்றுபோகும். நெட் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஆறு மாதம் உட்கார்ந்து படித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள், அதுவரை பிள்ளையை வீட்டில் யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.